வைரஸுக்குத் தேதி கிடையாது

2023 செப்டம்பர் மாதம். ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் ஒரு வரி வந்தது: "ஏட்டி, எனக்கு எச்.பி.வி. பாசிட்டிவ்." ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. தூக்கக் கலக்கத்தில் நடு எழுத்தை மாற்றிப் படித்துவிட்டேன். எச்.ஐ.வி. என்றுதான் என் கண்ணில் பட்டது. பதறிப்போய்க் கூப்பிட்டேன். எடுத்தவள் அழவில்லை. "நான் செத்துருவேனாட்டி?" என்று கேட்டாள். பத்து நிமிடம் போல அவள் ஒரு நோயையும் நான் இன்னொரு நோயையும் மனதில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். "கேன்சர்னு கூகுள்ல போட்டிருக்கு" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது, இது எச்.ஐ.வி. இல்லை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ள எச்.பி.வி. என்ற வேறொரு வைரஸ் என்று.

அவளை இங்கே வள்ளி என்று வைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல் அறை. இப்போது இருவரும் சென்னையில் இருக்கிறோம். அவளுக்கு அப்போது 31 வயது, பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலை. இதை அவளிடம் கொடுத்து, அவள் படித்து, மூன்று இடங்களில் பேனாவால் அடித்த பிறகுதான் இங்கே தருகிறேன். ஓரிடத்தில் அவள் காதலனைப் பற்றி "அவன் கெட்டவன்" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, "என்ன செஞ்சான்னு மட்டும் எழுது" என்று ஓரத்தில் குறித்திருந்தாள். அப்படியே செய்கிறேன்.

அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே அவளுக்கு உடலுறவுக்குப் பிறகு லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. வீட்டுப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். அங்கே கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் ஆச்சா?" இல்லை என்றிருக்கிறாள். அப்படியென்றால் உள்ளே பரிசோதிக்க வேண்டியதில்லை என்று ஏதோ மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வி இருப்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை என்று பழகிவிட்டோம். அந்த மரியாதையில் அவளுக்கு ஐந்து மாதம் வீணானது.

அடுத்து வேறொரு டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாளாம்: "கல்யாணம் ஆகல டாக்டர், ஆனா உறவுல இருக்கேன். என்ன டெஸ்ட் எடுக்கணுமோ எடுங்க." அந்த டாக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரும், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையும் ஒன்றாக எடுத்தார். அந்த ரிப்போர்ட்தான் பதினொன்றரை மணிக்கு எனக்கு வந்த வரி.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு அவள் அறைக்குப் போனேன். அவளிடம் சொல்ல எனக்கு உருப்படியாக ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு பால் கணக்கு நோட்டை எடுத்து, அவள் மனதில் இருந்த கேள்விகளையெல்லாம் எழுதச் சொன்னேன். பதினேழு கேள்வி வந்தது. முதல் கேள்வி "கேன்சரா?" பதினொன்றாவது கேள்வி "அவனுக்கு எப்படிச் சொல்ல?" எந்த டாக்டரிடம் போனாலும் அறைக்குள் பாதி மறந்துவிடும், வெளியே வந்ததும் மீதியும் மறந்துவிடும். நோட்டு மறக்காது. கூடப் போகிறவர்கள் பேச வேண்டியதில்லை. பதிலை எழுதிக்கொண்டாலே போதும். நான் எழுதினேன்.

டாக்டர் சொன்னது இதுதான். எச்.பி.வி. என்பது ஒரே வைரஸ் கிடையாது, 200 வகைக்கு மேல் இருக்கிறது. அவற்றில் பன்னிரண்டு பதினான்கு வகைதான் புற்றுநோயோடு தொடர்புள்ளவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் 16, 18 என்ற இரண்டு வகைகள். வள்ளிக்கு அந்த இரண்டும் இல்லை, "மற்ற ஹை ரிஸ்க் வகை" என்று வந்திருந்தது. பாப் ஸ்மியரில் எல்.எஸ்.ஐ.எல். என்று போட்டிருந்ததற்கு, செல்களில் சிறிய மாற்றம் தெரிகிறது என்று பொருள். தொற்று வந்த பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை அடக்கிவிடும். அடங்காமல் தங்கிப்போனால்தான் கவலை. அப்போதும் புற்றுநோயாக மாறச் சாதாரணமாக 15, 20 வருடம் பிடிக்கும். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. மாற்றம் பெரிதாகிறதா என்று விடாமல் பார்ப்பதும், பெரிதானால் அந்த இடத்தை மட்டும் அகற்றுவதும்தான் சிகிச்சை. "பாசிட்டிவ்னு வந்ததுக்கு அழாதீங்க, அடுத்த வருஷம் டெஸ்டுக்கு வராம இருந்தா அப்ப அழுங்க" என்றார்.

இந்த வைரஸுக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-லேயே நோபல் பரிசு கொடுத்தாகிவிட்டது. 2022-ல் மட்டும் இந்தியாவில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்தது, கிட்டத்தட்ட 80,000 பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் ஹாஸ்டலில் மூன்று வருடம் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசிய எங்களில் ஒருத்தி வாயில்கூட இந்தப் பெயர் வந்ததில்லை.

பதினொன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

அவனோடு அவளுக்கு மூன்றரை வருடப் பழக்கம். வேளச்சேரியில் அவன் வீட்டில்தான் வாரத்தில் நாலைந்து நாள் இருப்பாள். சமையல் பாத்திரத்திலிருந்து இவள் பட்டச் சான்றிதழ் வரை அங்கேதான். நல்லவன் மாதிரிதான் இருப்பான். மழை பெய்தால் ஆபீஸ் வாசலில் வண்டியோடு நிற்பான். ஆனால் வாட்ஸப்பில் லைவ் லொக்கேஷன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எட்டு மணி நேரம் முடிந்து அது நின்றுபோனால் ஒன்பதாவது நிமிடம் போன் வரும். என்னோடு படம் பார்க்க வந்தவள் இடைவேளையில் லொக்கேஷனைப் புதுப்பித்ததை நானே பார்த்திருக்கிறேன். அக்கறை என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். அவன் காருக்கு இவள் பெயரில் கடன், மாதம் 14,000 ரூபாய் இவள் கணக்கிலிருந்து போகும். கோபத்தில் ஒருமுறை இவள் போனைச் சுவரில் எறிந்து உடைத்தான், மறுநாளே புதுசு வாங்கிக் கொடுத்தான். "அடிச்சதே இல்லட்டி" என்பாள், அதுவே ஒரு சான்றிதழ் மாதிரி.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவன் கேட்டது, "யார்கிட்ட இருந்து வாங்கிட்டு வந்தே?"

மூன்று நாள் கழித்து அவனே ஒரு லேபில் டெஸ்ட் எடுத்து, "எனக்கு எல்லாம் கிளியர், அப்ப இது உன்னோடது" என்று காகிதத்தை மேசையில் போட்டிருக்கிறான். அதை வள்ளி படமெடுத்து எனக்கு அனுப்பினாள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் நோய்க்கான டெஸ்ட்) மூன்றும் நெகட்டிவ். அந்தக் காகிதத்தில் எச்.பி.வி. என்ற பெயரே இல்லை. இருக்கவும் முடியாது. ஆண்களுக்கு எச்.பி.வி. இருக்கிறதா என்று பார்க்க, பெண்களுக்கு இருப்பது போல அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது. பெரும்பாலான ஆண்களுக்கு அறிகுறியும் இருக்காது. அவன் பொய் சொன்னான் என்றுகூட நான் சொல்ல மாட்டேன், அவனுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தெரியாத ஒன்றை வைத்து இவ்வளவு உறுதியாக ஒருத்தியைக் குற்றவாளியாக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பல வீடுகள் உடையும். இந்த வைரஸ் உடம்புக்குள் வந்த தேதியை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. பல வருடம் வெளியே தெரியாமல் இருந்துவிட்டு ஒருநாள் டெஸ்டில் தட்டுப்படலாம். வள்ளிக்கு இவனுக்கு முன் ஒருவர் இருந்தார், இவனுக்கும் வள்ளிக்கு முன் இரண்டு பேர். அது இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். யாரிடமிருந்து யாருக்கு, எந்த வருடம் என்று டாக்டராலும் சொல்ல முடியாது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். ஆனால் தோலோடு தோல் படுவதாலேயே பரவுவதால் முழுவதும் தடுக்காது. ஆகவே எச்.பி.வி. பாசிட்டிவ் என்பதை வைத்து மனைவியோ கணவனோ காதலியோ துரோகம் செய்ததாக முடிவுகட்ட வழியே இல்லை. இருபது வருடம் ஒரே கணவனோடு வாழும் பெண்ணுக்கும் பாசிட்டிவ் வரலாம்.

நவம்பரில் கால்போஸ்கோபி. எல்.எஸ்.ஐ.எல்.லோடு வைரஸும் இருந்ததால் கர்ப்பப்பை வாயை லென்ஸ் வைத்துப் பார்த்தாக வேண்டும் என்றார்கள். மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துத் தேதி வாங்கினோம். இரண்டு நாள் முன்பிருந்து உடலுறவு கூடாது, உள்ளே வைக்கும் மருந்து எதுவும் கூடாது என்றார்கள். தொளதொள பாவாடை உடுத்தி, பையில் இரண்டு நாப்கின் வைத்துக்கொண்டு போனாள். என்னையும் உள்ளே விட்டார்கள்; தலைமாட்டில் நின்றேன். வினிகர் வாடை வந்தது. அசிட்டிக் அமிலத்தைத் தடவினால் மாற்றமுள்ள இடம் வெள்ளையாகத் தெரியும், அந்த இடத்திலிருந்து மிளகளவு சதை எடுப்பார்கள். எடுத்தபோது என் கையை நெரித்துவிட்டாள். மாதவிடாய் வலி மாதிரி இழுத்தது என்றாள் பிறகு. ரத்தம் நிற்கத் தடவிய மருந்தால் இரண்டு மூன்று நாள் காப்பிப் பொடி மாதிரிக் கறுப்பாகப் பட்டது. அதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அன்றிரவே அவசரச் சிகிச்சைக்கு ஓடியிருப்போம்.

அந்தச் சதையைச் சோதித்த பயாப்ஸியில் சி.ஐ.என். 1, அதாவது செல்களில் லேசான மாற்றம்தான். அதற்குச் சிகிச்சை எதுவும் வேண்டாம், ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். 2024 நவம்பரில் பார்த்தோம். வைரஸ் தட்டுப்படவில்லை, பாப் ஸ்மியரும் நார்மல். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதற்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை படிப்பீர்கள். 2025-லும் ஒருமுறை பார்த்துவிட்டார்கள். உடம்பு விஷயம் அவ்வளவுதான். இனி மற்றது.

பயாப்ஸி முடிந்து ஒரு வாரத்தில் அவன் மாறிவிட்டான். திட்டுவது நின்றது. மாதுளை வாங்கி வந்தான், உரித்தும் கொடுத்தான். "பரவாயில்ல, நான் மன்னிச்சிட்டேன். ஆனா யோசிச்சுப் பாரு, இதைத் தெரிஞ்சா உன்னை வேற யாரு கட்டிப்பான்?" என்றானாம். வள்ளி இதை என்னிடம் அவன் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொன்னாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. திட்டிக்கொண்டிருந்தவரை அவள் கொஞ்சமாவது எதிர்த்துப் பேசுவாள். மன்னித்தவனிடம் என்ன பேசுவது? செய்யாத தப்புக்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டவள் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் பிறகு லொக்கேஷனோடு வீடியோ காலும் சேர்ந்துகொண்டது. "உன்னை நம்பிக் கெட்டவன் நான்" என்ற ஒரு வரி எல்லாவற்றுக்கும் போதுமாக இருந்தது.

இந்த இடத்தில் நான் செய்த தப்புகள்.

முதலாவது, "அவனை விட்டுத் தொலைட்டி" என்றேன். ஒருமுறை இல்லை, தினமும். பார்க்கும்போதெல்லாம் அதே பேச்சு. அவன் ஒருபக்கம் இழுக்க நான் மறுபக்கம் இழுத்தேன், நடுவில் நின்றவளுக்கு மூச்சுவிட இடமில்லை. அவனைத் திட்டினால், மூன்றரை வருடம் அவனோடு இருந்த அவள் அறிவையும் சேர்த்துத் திட்டுவதாகவே அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவனுக்காக வாதாட ஆரம்பித்தாள். வாதாடி வாதாடி அவளே அதை நம்பினாள்.

இரண்டாவது, அதைவிட மோசம். என் கணவரிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொல்வது வெளியே சொன்னதாகாது என்று ஒரு நினைப்பு. அவர் நல்ல மனதோடுதான், வள்ளி சாப்பிட வந்த அன்று ரசத்தை ஊற்றிக்கொண்டே "இப்ப உடம்பு பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டார். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. தட்டில் இருந்ததை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, "வரேன் அண்ணா" என்று கிளம்பினாள். பிறகு பத்து வாரம் என் போனை எடுக்கவில்லை. அவள் உடம்பு பற்றிய செய்தி அவள் சொத்து. யாரிடம் சொல்லலாம் என்று அவளைக் கேட்டிருக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

அந்தப் பத்து வாரத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே நல்ல காரியம், பதில் எதிர்பார்க்காமல் எழுதுவது. மன்னிப்பை ஒரே ஒருமுறை கேட்டேன், காரணம் அடுக்காமல். அதன் பிறகு சாதாரணமாக எதையாவது அனுப்புவேன். ஊருக்குப் போனபோது இருட்டுக்கடை வரிசையின் படம். எங்கள் ஹாஸ்டல் வார்டனை டவுனில் பார்த்த கதை. அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் போனை அவன் பார்ப்பான் என்று தெரியும், பார்த்தாலும் தப்பு கண்டுபிடிக்க அதில் ஒன்றும் இருக்காது. பதினோராவது வாரம் அலுவலக நேரத்தில், அலுவலக லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டாள். "அவன் ரிப்போர்ட்டை அப்பாவுக்கு அனுப்பிருவேன்னு சொல்லுதான்ட்டி."

இந்த முறை நான் "விடு" என்று சொல்லவில்லை. "உனக்கு என்ன செய்யணும்னு தோணுது?" என்று கேட்டேன். அப்படி அவளிடம் யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். நீண்ட நேரம் பதிலே இல்லை. பிறகு, "அக்காட்ட நானே சொல்லிரணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டிலிருந்து அக்காவுக்கு வீடியோ கால். நான் நோட்டைப் பிரித்து மடியில் வைத்திருந்தேன், எங்கேயாவது திக்கினால் எடுத்துக்கொடுக்க. அக்கா முழுவதும் கேட்டாள். "யாரு அந்தப் பய?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஏட்டி, நாப்பது வயசாச்சு, நான் ஒருநாளும் இந்த டெஸ்ட் எடுத்ததில்லையே" என்றாள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள் என்று வள்ளி அவளுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டாள். மிரட்டலுக்குப் பயந்து அழுதவள் அரை மணி நேரத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அக்கா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அதோடு அவன் கையில் இருந்த காகிதம் வெறும் காகிதமாகிவிட்டது.

ஆனாலும் அவள் உடனே வெளியே வரவில்லை. மேலும் நான்கு மாதம் ஆனது. நடுவில் இரண்டுமுறை திரும்பிப் போனாள். இதை எதிர்பார்த்துக்கொண்டால் கூட இருப்பவர்களுக்கு ஆத்திரம் குறையும். அந்த நான்கு மாதத்தில் சின்னச் சின்ன வேலைகள் நடந்தன. சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றினாள். மருத்துவ ரிப்போர்ட், ஆதார், கடன் பத்திரம் எல்லாவற்றுக்கும் நகல் என் மெயிலில். அவன் அனுப்பிய மிரட்டல்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். "பரணியோட புக்கு உன்கிட்டயா இருக்கு?" என்று செய்தி வந்தால் நான் உடனே போன் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு, பரணி என்று எங்களுக்கு யாரையும் தெரியாது.

181-க்கு என் போனிலிருந்தே பேசினோம். பெண்கள் உதவி எண். புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, என்ன வழியெல்லாம் இருக்கிறது என்று சொன்னார்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் தாலி கட்டியவர்களுக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். திருமணம் போன்ற உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணுக்கும் அது உண்டு. வார்த்தையால் வதைப்பதும் பணத்தைப் பிடுங்குவதும் அதில் வன்முறை என்றே எழுதியிருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வக்கீல் இலவசம். வள்ளி புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றும். ஆனால் அது அவள் முடிவு. தூக்கம் கெட்ட ராத்திரிகளில் 14416-க்குப் பேசியிருக்கிறாள், மனநல ஆலோசனை எண், தமிழிலேயே பேசுகிறார்கள். நான் ராத்திரி ஒரு மணிக்கு நல்ல ஆலோசகர் இல்லை என்பதை இருவரும் ஒத்துக்கொண்டோம்.

கார் கடன் இன்னும் முடியவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.

2024 ஜூலையில் ஒரு புதன்கிழமை, அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, வேளச்சேரி வீட்டிலிருந்து சாமான்களை எடுக்க முடிவு செய்தாள். இப்படி விட்டு வெளியேறும் நாள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான நாள், தனியாகப் போகக் கூடாது என்று படித்திருந்தோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நான் திருநெல்வேலியில் மாட்டிக்கொண்டேன். அக்கா சென்னைக்கு வந்துவிட்டாள், கூடவே அக்காவின் கணவரும் வள்ளியின் அலுவலகத் தோழி ஒருத்தியும். சான்றிதழ், நகை, துணி, மருந்து என்று எடுக்க வேண்டியதை மட்டும் வள்ளி ஒரு சீட்டில் எழுதியிருந்தாள். மிக்ஸியைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தாள்.

காலை 11.10-க்கு அவளிடமிருந்து லைவ் லொக்கேஷன் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து அந்தச் சின்ன வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேளச்சேரியில் வெகுநேரம் நகராமல் நின்றது. அம்மா கண்ணில் கட்டோடு "யாரு போன்ல?" என்றாள். பிறகு வட்டம் மெல்ல அசைந்து, தாம்பரம் சாலையைப் பிடித்து, நகர்ந்துகொண்டே இருந்தது. 11.52-க்கு அவளே அதை நிறுத்திவிட்டாள். இன்னும் பதினெட்டு நிமிடம் மிச்சமிருந்தது. "மிக்ஸிய எடுத்துட்டு வந்துட்டேம்ட்டி" என்று அடுத்த வரி வந்தது.